தன்விவரக் குறிப்பு: எதை எழுதுவது, எதை விடுவது?

கல்லூரிகளில் இறுதியாண்டுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் மாணவர்களிடையே ஒரு தாள் கைமாறத் தொடங்கும். அது பாடக் குறிப்பு அன்று. 'பயோ-டேட்டா' என்று அவர்கள் வழங்கும் தன்விவரக் குறிப்பு. எப்போதோ படித்துச் சென்ற மூத்த மாணவர் ஒருவர் தயாரித்தது. பெயர், முகவரி, மதிப்பெண் ஆகியவற்றை மட்டும் மாற்றிவிட்டு ஒரு வகுப்பில் நாற்பது பேர் அதனையே தமதாக்கிக் கொள்வர். முன்பு தட்டச்சுப் படியாகச் சுற்றி வந்தது, இப்போது வாட்ஸ்அப் கோப்பாகச் சுற்றி வருகிறது, வேறுபாடு அவ்வளவே. அதன் தலைப்பகுதியில், சவால் நிறைந்த பணிச்சூழலில் தன் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் முன்னேற்றத்திற்குப் பாடுபட விழைவதாக ஒரு குறிக்கோள் வாசகம் இருக்கும். நடுவில் கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர், குழுவோடு இணைந்து செயல்படுபவர் என்று மூன்று வரிகள். முடிவில், மேற்கண்ட யாவும் உண்மை என்னும் உறுதிமொழி.

இவ்வாறு நாற்பது தாள்கள் ஒரே அலுவலகத்திற்குச் சென்று சேர்ந்தால் என்ன நிகழும்? படிப்பவர் நாற்பது பேரைக் காண்பதில்லை. ஒருவரையே நாற்பது முறை காண்கிறார். இதனால் எல்லா மாணவருக்கும் சமமான இழப்பு ஏற்படுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நகரத்தில் வளர்ந்து, தொழில் உலகில் உறவினர் உள்ள மாணவருக்காக எங்கேனும் யாரேனும் ஒரு சொல் சொல்லிவைப்பர். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மாணவருக்காகப் பேச அந்த ஒரு தாளைத் தவிர வேறு எதுவும் இல்லை. அது ஊமையாக இருந்தால் அவரும் ஊமையாகிவிடுகிறார்.

'ரெசியூம்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் 'சுருக்கம்' என்று பொருள். ஒன்றைச் சுருக்க வேண்டுமானால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுக்கு ஓர் அளவுகோல் உண்டா? உண்டு; அது நாம் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து, தொலைத்தொடர்பு அறிவியலிலிருந்து கிடைக்கிறது.

செய்தியை அளக்க முடியுமா?

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன் 1948-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு செய்தியில் எவ்வளவு தகவல் உள்ளது என்பதை எண்ணால் அளக்கலாம் என்று அதில் அவர் காட்டினார். அதன் கருத்து எளிது. எதிர்பார்த்த செய்தியில் தகவல் குறைவு. எதிர்பாராத செய்தியில் தகவல் மிகுதி. 'நாளை காலை சூரியன் உதிக்கும்' என்று வானொலி அறிவித்தால் யாரும் காது கொடுப்பதில்லை. 'நாளை உங்கள் ஊரில் மின்சாரம் இருக்காது' என்றால் உடனே எழுந்து தண்ணீர்த் தொட்டியை நிரப்புகிறோம். ஒரு செய்தி வருவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்றானால் அதிலுள்ள தகவல் 1 பிட். நான்கில் ஒன்றானால் 2 பிட். எட்டில் ஒன்றானால் 3 பிட். நிச்சயமாக வந்தே தீரும் செய்தியின் தகவல் சுழி.

இதனை நம் தாளுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஓர் இடத்திற்கு 64 மனுக்கள் வந்துள்ளன என்க. ஒரு பிட் தகவல் கிடைத்தால் மனுக் கட்டு பாதியாகக் குறையும்: 64 என்பது 32 ஆகும், மேலும் ஒரு பிட் கிடைத்தால் 16, பின்னர் 8, 4, 2, 1. ஆக, ஒருவரைத் தனியே பிரித்தெடுக்க 6 பிட் தேவை. 'நான் கடின உழைப்பாளி' என்று 64 பேரும் எழுதியிருந்தால் அந்த வரி தரும் தகவல் சுழி. கட்டு சிறிதும் குறையவில்லை. 'கணினி தெரியும்' என்று பாதிப் பேர் எழுதினால் 1 பிட். ஒரு குறிப்பிட்ட கருவியைக் கையாண்டிருப்பதாக எட்டில் ஒருவரே எழுத முடியுமானால், அந்த ஒரே வரி 64 பேரை 8 பேராகக் குறைத்துவிடுகிறது. அதனைச் சாராத வேறொரு வரியை நான்கில் ஒருவரே எழுத முடியுமானால், எஞ்சுவோர் இருவரே. தாள் நிறைய எழுதிச் சாதிக்க முடியாததை இரண்டு வரிகள் சாதிக்கின்றன.

சுழி பிட் வரிகள் யாவற்றையும் நீக்கிவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. விளம்பரத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் கேட்டிருந்தால் மனுச் செய்த எல்லோருக்கும் அது இருக்கும். ஆயினும் அதை எழுதாதவரின் தாள் வாசலிலேயே நின்றுவிடும். பட்டம், கல்லூரி, ஆண்டு, மதிப்பெண், தொலைபேசி எண் ஆகியவை நுழைவுச் சீட்டுப் போன்றவை. அவற்றை நான்கைந்து வரிகளில் முடித்துவிடலாம். மாறாக, நம்மை எவ்வகையிலும் பிரித்துக் காட்டாத புகழ்ச்சி வரிகளை இரக்கமின்றி அடித்துவிடலாம். ஒரு சோதனை உண்டு: 'நான் சோம்பேறி', 'நான் தாமதமாகவே கற்றுக்கொள்வேன்' என்று எவரேனும் எழுதுவாரா? எழுத மாட்டார். எதிர்மறையை எவரும் எழுத முடியாத ஒரு வாக்கியத்தில் செய்தி ஏதும் இல்லை.

ஷானனின் அளவுகோலுக்கு ஒரு குறையும் உண்டு. அதை அவரே அக்கட்டுரையின் தொடக்கத்தில் தெளிவுபடுத்திவிட்டார். செய்தியின் பொருளைப் பற்றி அது கவலைப்படுவதில்லை. 'எங்கள் வீட்டில் பேசும் கிளி ஒன்று உண்டு' என்பது ஆயிரத்தில் ஒருவரே எழுதக்கூடிய வரி. தகவல் ஏறத்தாழ 10 பிட். ஆயினும் வேலைக்கு அதனால் பயன் என்ன? அரிதாக இருந்தால் மட்டும் போதாது. படிப்பவருக்கு அது வேண்டியதாகவும் இருத்தல் வேண்டும்.

ஒரே மனிதர், இரண்டு கடிதங்கள்

இதற்குச் சென்னையிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உள்ளது. கணித மேதை இராமானுஜன் 1912 பிப்ரவரி 9-ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு வேலை கேட்டு ஒரு மனு எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வகுப்பு வரை படித்ததையும், சூழ்நிலைகள் காரணமாக மேலே தொடர முடியாமற்போனதையும், அதன் பின்னர் தன் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருவதையும் சில வாக்கியங்களில் சொன்னார். அந்த வேலையைச் செவ்வனே செய்ய முடியும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்தார். அவ்வளவே. முடிவிலித் தொடர் ஒன்றேனும் அதில் இல்லை. மனுவுடன் மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த பரிந்துரை இணைக்கப்பட்டிருந்தது. எண்களைக் கையாள்வதில் இவ்விளைஞருக்கு இயல்பான திறமை உண்டு, கணக்கிடுவதில் வேகம் மிக்கவர் என்று அது கூறிற்று. கணக்குப் பிரிவு எழுத்தர் வேலைக்கு ஆள் தேடுபவர் அறிய விரும்பியது அதுதான். மார்ச் 1-ஆம் நாள் அவர் பணியில் சேர்ந்தார்.

ஓராண்டு கழிவதற்குள், 1913 சனவரி 16-ஆம் நாள், அதே மனிதர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு மற்றொரு கடிதம் எழுதினார். இதிலும் தன்னைப் பற்றிய விவரம் சில வரிகளே: துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுத்தர், ஆண்டுச் சம்பளம் 20 பவுன், பல்கலைக்கழகக் கல்வி இல்லை, ஓய்வு நேரத்தில் கணிதம். பிறகு வந்தன பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நூற்றுக்கும் மேற்பட்டவை. ஹார்டி அவற்றைச் சக கணித அறிஞர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்தார். அதன் விளைவை நாம் அறிவோம்.

இரு கடிதங்களும் உண்மையே பேசின. முதல் கடிதத்தில் தேற்றங்களை அடுக்கியிருந்தால் கணக்கர் குழம்பியிருப்பார். இரண்டாவதில் கூட்டல் வேகத்தைப் பற்றி எழுதியிருந்தால் ஹார்டி அதைக் குப்பைக் கூடையில் இட்டிருப்பார். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. எஃப்.ஏ. தேர்வில் இராமானுஜன் தவறியவர். அதனை அவர் ஒளிக்கவும் இல்லை. அதற்காக ஒரு பத்தி அழவும் இல்லை. படிப்பு எந்த இடத்தில் நின்றது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அதன் பின் தாம் செய்துவருவதற்குச் சென்றுவிட்டார். 'அரியர்' வைத்திருக்கும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்ளலாம். (ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தம் வயது சுமார் 23 என்று அவர் குறித்திருந்தார். 1887 டிசம்பரில் பிறந்தவருக்கு அப்போது 25 நிறைந்திருந்தது. தேற்றங்களைச் சரிபார்த்தவர்கள் வயதைச் சரிபார்க்கவில்லை போலும். இன்றைய அலுவலகங்கள் சரிபார்க்கும்.)

சொல்லும் சான்றும்

அரிதாகவும் வேண்டியதாகவும் உள்ள செய்தியைக்கூட, அது உண்மைதானா என்ற ஐயம் எழுந்தால் படிப்பவர் பொருட்படுத்த மாட்டார். மைக்கேல் ஃபாரடே இலண்டனில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய இளைஞர். அறிவியல் தொடர்பான எந்தச் சிறு வேலையாயினும் தருமாறு முதலில் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு எழுதினார், மறுமொழி கிடைக்கவில்லை. 1812-ல் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. கேட்டவற்றைப் படங்களுடன் விரிவாக எழுதி, தன் கையாலேயே அழகாகக் கட்டுக்கட்டி, அவ்வாண்டின் இறுதியில் டேவிக்கே அனுப்பினார். டேவி அவரை அழைத்துப் பேசினார். ஆனால் அப்போது இடம் காலியில்லை. சில வாரங்களில் அங்கிருந்த உதவியாளர் ஒருவர் சண்டையிட்டதால் நீக்கப்பட்டார். டேவிக்கு நினைவு வந்த பெயர் ஃபாரடே. 1813 மார்ச்சில் அவர் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பணியில் சேர்ந்தார்.

'அறிவியலில் எனக்கு ஆர்வம் மிகுதி' என்பது முதற் கடிதம். அதே ஆர்வத்தைக் கண்ணால் காணச் செய்தது இரண்டாவது. வேலை உடனே கிடைக்கவில்லை என்பதும் உண்மை. சான்று செய்த பணி, இடம் காலியானபோது பெயர் நினைவில் நின்றதுதான்.

நம் மாணவரின் தாள்

பெரியவர்களின் கதை இருக்கட்டும். நம் மாணவர்களுக்கு எழுத என்ன இருக்கிறது? 'ஒன்றும் இல்லை, சார்' என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அது சரியன்று.

ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து, தமிழ்வழியில் இயற்பியல் பட்டம் முடிக்கும் மாணவி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கோவையில் மோட்டார் பம்புகளுக்கான உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் உதவியாளர் தேவை என்று விளம்பரம் வந்துள்ளது. அவர் தாளில் இப்போதிருப்பது: 'ஆய்வக அனுபவம் உண்டு'. எல்லா இயற்பியல் மாணவருக்கும் அது உண்டு. எனவே சுழி பிட். ஆனால் தரக் கட்டுப்பாட்டில் நாள் முழுதும் நடக்கும் வேலை என்ன? பாகத்தை அளப்பது, குறிப்பது, வரம்புக்குள் இல்லையெனில் ஒதுக்குவது. இதனை மனத்திற் கொண்டு அதே அனுபவத்தை எழுதினால் இவ்வாறு அமையும்: 'திருகு அளவியால் 0.01 மில்லிமீட்டர் வரையும், நகரும் நுண்ணோக்கியால் 0.001 சென்டிமீட்டர் வரையும் அளந்திருக்கிறேன். சுழிப்பிழை திருத்தம் தெரியும். ஒவ்வோர் அளவீட்டையும் பலமுறை எடுத்துச் சராசரியும் பிழையும் கணக்கிட்டிருக்கிறேன்.' புதிதாக ஏதும் சேர்க்கப்படவில்லை. மூன்றாண்டுகள் அவர் செய்ததுதான் இது. ஆனால் இப்போது அதில் அலகு இருக்கிறது. அலகு இல்லாத அளவீட்டை நாம் தேர்வில் ஏற்றுக்கொள்வதில்லை. தன்விவரக் குறிப்பில் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

இன்னும் அவரிடம் கேட்டால், வீட்டில் நான்கு விசைத்தறிகள் உண்டென்பார். பள்ளி நாளிலிருந்தே வாரந்தோறும் எத்தனை மீட்டர் நெய்யப்பட்டது, யாருக்கு எவ்வளவு கூலி என்ற கணக்கை எழுதுபவர் அவரே என்றும், சென்ற ஆண்டு அதனைக் கணினி விரிதாளுக்கு மாற்றியதும் அவரே என்றும் தெரியவரும். 'இதையெல்லாம் எழுதலாமா?' என்று தயங்குவார். ஏன் கூடாது? 'குடும்பத்தின் நான்கு விசைத்தறிகளுக்கு வாராந்திர உற்பத்திக் கணக்கும் கூலிக் கணக்கும் ஐந்தாண்டுகளாக எழுதி வருகிறேன். அவற்றை விரிதாளாக மாற்றி நடத்துகிறேன்' என்பது அந்த மனுக் கட்டில் வேறு எவரும் எழுத முடியாத வரியாக இருக்கக்கூடும். உற்பத்தி, கணக்கு, பொறுப்பு மூன்றையும் அது ஒருசேரச் சொல்கிறது. நேர்முகத்தில் எத்தனை கேள்வி கேட்டாலும் அவரால் விடை சொல்ல முடியும். கடையில் நின்றது, டியூஷன் எடுத்தது, நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஐம்பது பேருக்குச் சமையல் பொருள் கணக்கிட்டது ஆகியவற்றை ஏழ்மையின் அடையாளமாகக் கருதி மறைப்பவர்களே நம் மாணவர்களுள் மிகுதி. அவற்றின் இடத்தில் 'இசை கேட்டல்' என்று பொழுதுபோக்கு எழுதுகிறார்கள்.

இங்கேதான் மொழியின் சிக்கலும் வருகிறது. தனியார் நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியுள்ளது. ஆங்கிலத்திற்கு அஞ்சியே மாணவர்கள் பிறருடைய வாக்கியங்களைக் கடன் வாங்குகிறார்கள். நான் சொல்வது, முதலில் தமிழில் எழுதுங்கள் என்பதே. என்ன செய்தேன், எவ்வளவு, எதைக்கொண்டு, விளைவு என்ன என்று சிறு சிறு வாக்கியமாக எழுதினால் அவற்றை ஆங்கிலமாக்குவது கடினமன்று. எண்ணும் அலகும் கருவியின் பெயரும் எம்மொழியிலும் அவையே. ஆசிரியரிடமோ நண்பரிடமோ காட்டும்போது எழுத்துப் பிழையையும் இலக்கணத்தையும் அவர் திருத்தட்டும். செய்தியை மாற்றி அலங்கரிக்க இடம் தரலாகாது. இன்று கணினி நிரல்களும் நொடியில் பளபளப்பான ஆங்கிலம் எழுதித் தருகின்றன. அவற்றுக்கும் இதே விதி. கடன் வாங்கிய வாக்கியத்திற்கு நேர்முக அறையில் விளக்கம் கேட்டால் நம்மிடம் சொல்ல ஏதும் இருக்காது.

எழுத வேண்டாதவை

தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை என்று நம் பயோ-டேட்டாக்களில் ஒரு நீண்ட பட்டியல் இடம் பெறுகிறது. இது எப்போதும் தீங்கற்றது எனக் கருத முடியாது. சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்னும் இரு ஆய்வாளர்கள் 2005 அக்டோபர் தொடங்கி 66 வாரங்கள் இந்தியாவில் ஒரு சோதனை நடத்தினர். ஆங்கில நாளேடுகளில் வந்த தனியார் துறை விளம்பரங்கள் 548-க்கு 4,808 மனுக்களை அனுப்பினர். கல்வித் தகுதி சமமாக இருந்தும், பெயரைக் கொண்டு மேல்சாதி இந்து, தலித், முஸ்லிம் என்று ஊகிக்கத்தக்கவாறு மனுக்கள் அமைக்கப்பட்டன. அடுத்த கட்டத்திற்கு அழைப்பு வந்ததை எண்ணியபோது, மேல்சாதிப் பெயர்களோடு ஒப்பிட்ட வாய்ப்பு விகிதம் தலித் பெயர்களுக்கு 0.67, முஸ்லிம் பெயர்களுக்கு 0.33 எனக் கண்டனர். முடிவுகளை 2007-ல் வெளியிட்டனர். அமெரிக்காவில் பெர்ட்ரண்ட், முல்லைநாதன் இருவரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரே தகுதி கொண்ட மனுக்களுள் வெள்ளையர் பெயர் தாங்கியவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயர் தாங்கியவற்றைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதியான அழைப்புகள் வந்தன.

இங்கு தவறு மனுச் செய்பவரிடம் இல்லை, படிப்பவரிடம் இருக்கிறது. தாளைத் திருத்தி அதைப் போக்கிவிட முடியாது. பெயரை மாற்றிக்கொள்ளவும் யாரும் தேவையில்லை. ஆயினும் வேலைக்குத் தொடர்பில்லாத, கேட்கப்படாத விவரங்களை நாமாகவே முன்வந்து அளிக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. தனியார் நிறுவன மனுவில் மதம், சாதி, திருமண நிலை ஆகியவற்றை விட்டுவிடலாம்.

அரசுப் பணியின் நிலை வேறு. அங்கே தன்விவரக் குறிப்புக்கு இடமில்லை. தேர்வாணையத்தின் படிவமே உண்டு. இட ஒதுக்கீட்டிற்குரிய விவரங்களை அதில் கேட்டபடி, சான்றிதழில் உள்ள அதே எழுத்துகளில் நிரப்ப வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கு நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010-ல் இயற்றப்பட்டது. 2020-ல் செய்த திருத்தத்தின்படி பட்டப் படிப்பை மட்டுமன்றிப் பள்ளிப் படிப்பையும் தமிழ்வழியில் முடித்திருத்தல் வேண்டும். இதற்கான சான்றிதழைப் படித்த ஒவ்வொரு நிறுவனத்திலும் பெற வேண்டியிருப்பதால், கல்லூரியை விட்டு நீங்குமுன் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விளம்பரம் வந்த பிறகு பழைய பள்ளியைத் தேடி ஓடுபவர்கள் பலர்.

தாளின் உருவம்

உருவத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதிய பட்டதாரிக்கு ஒரு பக்கம் போதும். அமெரிக்க நிறுவனம் ஒன்று 2018-ல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வின்படி, தேர்வாளர் ஒரு தாளை முதல் பார்வையில் சராசரியாக 7.4 நொடியே காண்கிறார். வணிக நிறுவனத்தின் ஆய்வாதலால் அந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கத்தை நான் பெரிதாக நம்பவில்லை. முதல் பார்வை மிகச் சுருக்கமானது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எனவே மிகுந்த பிட் உள்ள வரி மேற்பாதியில் இருக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களில் மனிதருக்கு முன்பே ஒரு கணினி நிரல் தாளைப் படிக்கிறது. விளம்பரத்தில் உள்ள சொற்கள் தாளிலும் உள்ளனவா என்று அது தேடுகிறது. விளம்பரம் 'வெர்னியர்' என்று கேட்டிருக்க, நாம் 'அளவு கருவிகள்' என்று பொதுவாக எழுதினால் அதற்குத் தெரியாது. பெட்டி, கட்டம், படம் ஆகியவற்றுக்குள் வைத்த எழுத்துகளை அது தவறவிடவும் கூடும். கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பும் தாள் அதற்கு வெற்றுத் தாளே. எழுத்தாகவே சேமித்த பி.டி.எஃப். கோப்பு பாதுகாப்பானது. கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். 'புதிய பயோடேட்டா 2' என்ற பெயரில் ஒரே நாளில் பல கோப்புகள் வந்து சேரும் கணினியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

செய்தவை யாவற்றையும் ஒரு நோட்டில், தேதியோடும் எண்ணிக்கையோடும் முதலாண்டிலிருந்தே குறித்து வருவது நல்ல வழக்கம். அது நான்கு பக்கம் போனாலும் பாதகமில்லை. யாருக்கும் அனுப்பப் போவதில்லை. ஒவ்வொரு விளம்பரம் வரும்போதும் அதிலிருந்து பொருத்தமான பத்து வரிகளை எடுத்து அந்த ஓர் இடத்திற்கென்று ஒரு பக்கம் தயாரித்துக்கொள்ளலாம். மதிப்பெண், ஆண்டு, தொலைபேசி எண் ஆகியவற்றைச் சான்றிதழை அருகில் வைத்துக்கொண்டு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். டிஜிலாக்கர் போன்ற வசதிகளால் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது இன்று எளிதாகிவிட்டது. பிறகு ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, அந்தத் தொலைபேசி எண்ணை அவர் கைப்பேசியிலிருந்து அழைக்கச் செய்து, உங்கள் மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.